சாசரைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்த பலருக்கு 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் என்றால் அவருடைய கேன்டர்பரி கதைகளின் முகவுரையில் வரும் நாலைந்து பாத்திரங்கள், தேர்வுக்கான குறிப்புகள், அதோடு சரி. கதைகள் வரை போனவர்கள் குறைவு. ஆங்கில இலக்கியம் படிக்காதவர்களோ, 600 வருஷத்துக்கு முந்தைய மொழி என்றதும் கிட்டவே போவதில்லை. இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் முன்தயாரிப்போடு, சரியான வரிசையில் படித்தால் கேன்டர்பரி கதைகளின் சிறந்த பகுதிகளை மூலத்திலேயே ரசிக்க முடியும். மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் போதும்.

நூலின் கட்டமைப்பு எளிது. ஏப்ரல் மாதம். லண்டன் பாலத்துக்குத் தெற்கே சதர்க் பகுதியில் டாபர்ட் என்ற விடுதி. கேன்டர்பரிப் பேராலயத்தில் இருக்கும் புனித தாமஸ் பெக்கெட்டின் கல்லறைக்குப் போகும் யாத்திரிகர்கள் அங்கே கூடுகிறார்கள். பெக்கெட் 1170ஆம் ஆண்டு அந்தப் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர். விடுதிக்காரர் ஹாரி பெய்லி ஒரு போட்டி வைக்கிறார்: போகும்போது ஆளுக்கு இரண்டு கதை, திரும்பும்போது இரண்டு. நல்ல கதை சொன்னவருக்கு மற்றவர்கள் செலவில் விருந்து. சாசர் 1387 வாக்கில் தொடங்கிய இந்தப் பெரிய திட்டம் முடியவில்லை. நம் கைக்கு வந்திருப்பவை 24 கதைகள். அவற்றிலும் சில பாதியில் நிற்கின்றன.

தனித்தனிக் கதைகளின் தொகுப்பாக நினைத்துப் படித்தால் இந்த நூலில் பாதிதான் கிடைக்கும். ஒருவர் சொன்ன கதைக்கு இன்னொருவர் பதில் சொல்கிறார், கோபப்படுகிறார், குறுக்கே பேசுகிறார். கூலி, வரி, திருமணம், திருச்சபை என்று எல்லாவற்றிலும் பழைய ஏற்பாடு ஆட்டம் கண்டிருந்த ஒரு நாட்டில், சாதாரணமாக ஒரே மேசையில் உட்கார வாய்ப்பில்லாத ஆட்களை சாசர் பேசவிட்டிருக்கிறார். யார் பேசுகிறார், யாருக்குப் பதிலாகப் பேசுகிறார், அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்ற மூன்று கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இவற்றைச் சுற்றித்தான்.

முதல் படி: எந்தப் புத்தகம்

முழுக்க நவீன ஆங்கிலத்தில் வந்திருக்கும் பெயர்ப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள். கதை புரியும், குரல் போய்விடும். மூலத்தை மட்டும் அச்சிட்ட பதிப்பும் ஆரம்பத்தில் வேண்டாம். மூல வரி, அதற்குக் கீழேயே நவீன ஆங்கில வரி என்று இருப்பதுதான் புதியவருக்கு ஏற்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாசர் தளத்தில் இப்படி வரிக்கு வரி கொடுத்திருக்கிறார்கள், இலவசமாகவே. அதையே முதலில் பயன்படுத்துங்கள். ஈடுபாடு வந்த பிறகு, 1987இல் வெளியான ரிவர்சைடு பதிப்பை நூலகத்தில் தேடலாம். அதன் குறிப்புகளே தனியாகப் படிக்கத்தக்கவை.

எந்த வரிசையில் படிப்பது என்ற தயக்கமும் வேண்டாம். கதைகள் பத்துத் துண்டங்களாகத்தான் கிடைத்திருக்கின்றன; கையெழுத்துப் பிரதிகளிலேயே வரிசை ஆளுக்கு ஆள் மாறுகிறது. புகழ்பெற்ற இரண்டு பழைய பிரதிகளில் எல்ஸ்மியர் கலிஃபோர்னியாவில் இருக்கிறது, ஹெங்வர்ட் வேல்ஸ் நாட்டில் இருக்கிறது. இரண்டிலும் வரிசை வேறு. எல்ஸ்மியர் பிரதியில் கதை சொல்லும் யாத்திரிகர்களின் வண்ணப் படங்கள் உண்டு. இணையத்தில் பார்க்கக் கிடைக்கும். முகவுரை படிக்கும்போது அவற்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டால் ஆட்கள் மனதில் தங்குவார்கள்.

இரண்டாம் படி: அரை நாள் வரலாறு

இதைத் தாண்டிப் போகத் தோன்றும். தாண்டாதீர்கள். மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்.

ஒன்று, கொள்ளைநோய். 1348இல் இங்கிலாந்துக்குள் வந்த பிளேக், ஒன்றரை ஆண்டுக்குள் மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கொண்டுபோனது. அப்போது சாசர் சின்னப் பையன். அதோடு நோய் போய்விடவும் இல்லை. 1361இலும் அதன் பிறகும் திரும்பத் திரும்ப வந்தது.

இரண்டு, கூலி. ஆட்கள் செத்துப்போனதால் உழைப்புக்குக் கிராக்கி வந்தது. உயிரோடு இருந்த உழவரும் கைவினைஞரும் அதிகக் கூலி கேட்டார்கள். கொடுக்காத பண்ணையை விட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். நிலப்பிரபுக்கள் நிறைந்த நாடாளுமன்றம் 1351இல் தொழிலாளர் சட்டம் போட்டது. நோய்க்கு முந்தைய கூலிக்குமேல் வாங்கக்கூடாது, ஒப்புக்கொண்ட காலம் முடியுமுன் வேலையை விட்டுப் போகக்கூடாது என்றது அந்தச் சட்டம். எந்தத் தகுதிக்காரர் எந்தத் துணி உடுத்தலாம் என்றுகூட 1363இல் ஒரு சட்டம் வந்தது. சீக்கிரமே அதைக் கைவிட நேர்ந்தது. முகவுரையில் சாசர் ஏன் ஒவ்வொருவரின் உடையையும் இவ்வளவு விவரமாக எழுதுகிறார் என்பதற்கு இந்தச் சட்டம் ஒரு நல்ல விடை. துணியும் ரோமமும் வெள்ளிப் பிடியும் அன்றைக்கு அரசியல்.

மூன்று, 1381. பிரான்ஸோடு நடந்த முடிவில்லாத போருக்குப் பணம் வேண்டி ஆட்சியாளர்கள் தலைவரி போட்டார்கள். 1377இல் தலைக்கு 4 பென்ஸ். 1380 இறுதியில் விதித்த மூன்றாவது வரியில் அது 12 பென்ஸ். எசெக்ஸ், கென்ட் பகுதி மக்கள் கிளம்பி லண்டனுக்குள் புகுந்தார்கள். மன்னரின் சித்தப்பாவும் சாசருக்கு ஆதரவு தந்தவருமான ஜான் ஆஃப் காண்ட்டின் சவாய் மாளிகையைக் கொளுத்தினார்கள். கேன்டர்பரிப் பேராயர் சைமன் சட்பரியின் தலையை வெட்டினார்கள். லண்டனில் வாழ்ந்த ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) நெசவாளர்களும் வியாபாரிகளும் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். மன்னர் இரண்டாம் ரிச்சர்டுக்கு அப்போது வயது 14. கிளர்ச்சித் தலைவர் வாட் டைலர் பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் கொல்லப்பட, கூட்டம் கலைந்தது.

எசெக்ஸ்காரர்கள் நகருக்குள் நுழைந்த வாயில் ஆல்ட்கேட். அந்த வாயிலின் மேலேயே அமைந்திருந்த வீடு 1374 முதல் சாசரின் குத்தகையில் இருந்தது. இவ்வளவு பக்கத்தில் நடந்ததைப் பற்றி அவர் வெளிப்படையாக எழுதியது என்ன என்பதைச் சேவலின் கதைக்கு வரும்போது பார்ப்போம்.

மூன்றாம் படி: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

சாசரின் வாழ்க்கையைப் பற்றி நிறைய ஆவணங்கள் உண்டு. அவற்றில் ஏறத்தாழ எதுவும் அவரைக் கவிஞர் என்று சொல்வதில்லை. எல்லாமே சம்பளம், மானியம், குத்தகை, வழக்கு. அவர் 1340களின் தொடக்கத்தில் லண்டனில் தேம்ஸ் தெருவில் ஒரு ஒயின் வியாபாரியின் மகனாகப் பிறந்தார். 1357இல் அல்ஸ்டர் கோமகள் வீட்டில் ஏவலாளாக இருந்தார். அவருக்குச் சட்டையும் காலுறையும் வாங்கிய கணக்கு இன்றும் இருக்கிறது. 1359இல் பிரான்ஸ் போருக்குப் போய்ப் பிடிபட்டார். மீட்புத் தொகையில் மன்னர் 16 பவுன் கொடுத்தார். 1372-73இலும் 1378இலும் அரசு வேலையாக இத்தாலி போனார். தாந்தே, பெட்ரார்க், பொக்காச்சியோ மூவரின் எழுத்தும் அவருக்குள் ஆழமாக இறங்கியது அந்தப் பயணங்களால்தான்.

1374 முதல் 12 ஆண்டுகள் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கட்டுப்பாட்டாளர். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்து அரசின் வருமானத்தில் கம்பளி வரிதான் முதுகெலும்பு. வியாபாரிகளின் எடைக்கல்லையும் கணக்கையும் நாள் முழுக்கப் பார்த்த மனிதர் இவர். யார் வெளியே மிடுக்காக இருக்கிறார், உள்ளே எவ்வளவு கடன் என்று பார்க்கும் கண் அங்கேதான் கூர்மையாகியிருக்க வேண்டும். முகவுரையில் வரும் வியாபாரி எந்நேரமும் லாபத்தையே பேசுகிறார். அவர் கடனில் இருப்பது ஒருவருக்கும் தெரியாது என்கிறது கவிதை.

இன்னொன்று. அன்றைய சமூகம் தன்னை மூன்று பிரிவாகச் சொல்லிக்கொண்டது: ஜெபிப்பவர், போரிடுபவர், உழைப்பவர். ஒயின் வியாபாரியின் மகனாகப் பிறந்து, அரண்மனையில் வளர்ந்து, சுங்கத்தில் வேலை பார்த்து, 1386இல் கென்ட் சார்பாக நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்த சாசர் இந்த மூன்றில் எதிலும் அடங்கவில்லை. அவருடைய யாத்திரிகர்களிலும் பெரும்பாலோர் அடங்குவதில்லை. அரண்மனையில் பிரெஞ்சும் திருச்சபையில் லத்தீனும் மதிப்போடு இருந்த காலத்தில் அவர் ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அவருடைய நண்பர் ஜான் கவர் மூன்று மொழிகளிலும் பெரிய கவிதைகள் எழுதியவர். சாசர் ஆங்கிலத்தை மட்டுமே நம்பினார்.

நான்காம் படி: 18 வரியை வாய்விட்டுப் படியுங்கள்

முகவுரையின் முதல் 18 வரிகள் ஒரே வாக்கியம். இதை மனப்பாடம் செய்யும் அளவுக்கு உரக்கப் படித்துப் பழகுங்கள். இதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கில உயிரொலிகள் இப்போதைய உச்சரிப்புக்கு மாறியது சாசருக்குப் பிந்தைய நூற்றாண்டுகளில். அவர் காலத்து நெடில்கள் நம்முடைய ஆ, ஏ, ஈ, ஓ, ஊ போலவே ஒலித்தன. எழுத்தில் இருப்பதைப் பெரும்பாலும் அப்படியே உச்சரிக்கலாம். குதிரைவீரரைக் குறிக்க இன்று 'நைட்' (knight) என்று சொல்லும் சொல்லை அவர்கள் 'க்னிஹ்ட்' என்றார்கள். அதில் எந்த எழுத்தும் ஊமை இல்லை.

முதல் இரண்டு வரிகள் ஏறத்தாழ இப்படி ஒலிக்கும்: "வான் தாட் ஆப்ரில் வித் ஹிஸ் ஷூரெஸ் சோட்டெ, தெ த்ரூக்ட் ஆஃப் மார்ச் ஹாத் பெர்செட் டோ தெ ரோட்டெ." ஏப்ரலின் இனிய மழை மார்ச்சின் வறட்சியை வேர்வரை துளைத்தபோது என்று பொருள். வரிக்கடைசியில் வரும் அந்த 'எ' ஒலியை விழுங்கிவிடாதீர்கள். வரிக்குப் பத்து அசை, அதில் ஐந்து அழுத்தம், இரண்டிரண்டு வரியாக இயைபு. அந்த 'எ' போனால் நடை நொண்டும். தாளம் காதில் பதிந்ததும் பாதிச் சொற்கள் தானாகவே புரியத் தொடங்கும்.

ஐந்தாம் படி: முகவுரையைத் துருவிப் படியுங்கள்

முகவுரை 858 வரி. ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு யாத்திரிகருக்கும் நான்கு விஷயம் குறியுங்கள்: வேலை, வருமானம் வரும் வழி, உடுத்தியிருப்பது, கதைசொல்லி அவரை எப்படிப் புகழ்கிறார். கடைசி விஷயம்தான் முக்கியம். இந்தக் கதைசொல்லியின் பெயரும் சாசர்தான். ஆனால் எழுதிய சாசரைவிட அப்பாவி. எல்லாரையும் பாராட்டிக்கொண்டே போகிறார். அந்தப் பாராட்டுக்குள்தான் எல்லாச் செய்தியும் இருக்கிறது.

மடத்துத் துறவியைப் பாருங்கள். மடத்துக்குள் உட்கார்ந்து புத்தகம் படித்துப் பைத்தியமாவானேன், வேட்டைக்குப் போகலாமே என்கிறார். சட்டைக் கையில் விலையுயர்ந்த ரோமம், லாயத்தில் நல்ல குதிரைகள், வேட்டை நாய்கள். கதைசொல்லி சொல்வது: அவர் கருத்து சரிதான் என்று நானும் சொன்னேன். பிச்சைத் துறவி ஹ்யூபர்ட் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பதில் ரொம்ப இதமானவர். கை நிறையக் கிடைக்கும் இடத்தில் தண்டனை லேசாகத்தான் விதிப்பார். தொழுநோயாளிகளைவிட மதுக்கடைக்காரர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட பெரிய மனிதர் தொழுநோயாளிகளோடு பழகுவது பொருத்தமில்லையே என்று கதைசொல்லி விளக்கமும் தருகிறார். மருத்துவருக்குத் தங்கத்தின் மேல் தனிப் பிரியம்; கொள்ளைநோய்க் காலத்தில் சம்பாதித்ததைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறார். ஒரே வரிதான். மேலே சொன்ன வரலாறு தெரியாமல் படித்தால் அது கடந்து போய்விடும்.

கைத்தொழில் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து பேர் வருகிறார்கள்: துணிமணிச் சாமான் விற்பவர், தச்சர், நெசவாளர், சாயக்காரர், திரைச்சீலை நெய்பவர். அவர்கள் கத்தி உறையில் பித்தளை கிடையாது, வெள்ளி. மனைவிமாருக்கு 'மதாம்' என்று கூப்பிடப்பட ஆசை. உடைச் சட்டம் எதைத் தடுக்க நினைத்ததோ அது இங்கே குதிரை மேல் போய்க்கொண்டிருக்கிறது.

குறை சொல்லாமல் வரையப்பட்டவர்கள் சிலரே. போரிலிருந்து நேரே வந்த, கறை படிந்த அங்கியணிந்த நைட். ஏழையான பங்குச் சாமியார். அவருடைய சகோதரரான உழவர். பழைய மூன்று பிரிவுக்கும் ஆளுக்கு ஒருவர். உழவரின் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். ஏழை அயலாருக்காக அவர் கூலி வாங்காமல் உழைப்பாராம், திருச்சபைக்குரிய தசமபாகத்தை (பத்தில் ஒரு பங்கை) ஒழுங்காகச் செலுத்துவாராம். நாடு முழுக்க உழவர்கள் கூலி உயர்வு கேட்டுக்கொண்டிருந்த, கேட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட காலத்தில் எழுதப்பட்டது இது. சாசர் எல்லார் பக்கமும் நின்றார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. இந்த இடத்தில் நிலம் வைத்திருந்தவர்களின் ஆசைதான் பேசுகிறது என்பது என் கருத்து.

ஆறாம் படி: முதல் கதையாகப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவரின் கதை

முகவுரைக்கு அடுத்து வருவது நைட்டின் நீண்ட கதை. புதியவர்கள் பலர் அதில்தான் நின்றுபோகிறார்கள். அதனால் முதலில் இங்கே வாருங்கள். சிறியது, கூர்மையானது, ஒரே மாலையில் முடியும்.

இவர் பாவமன்னிப்புச் சீட்டும், புனிதர்களின் எலும்பு, துணி என்று திருப்பண்டங்களும் காட்டிக் காசு வாங்குபவர். கண்ணாடிக் குப்பியில் இருப்பவை பன்றி எலும்புகள். மாதாவின் முக்காடு என்று காட்டுவது தலையணை உறை. இந்த விவரங்கள் முகவுரையில் வருகின்றன; தன் மோசடியை அவரும் ஒளிக்காமல் சொல்கிறார். பணத்தாசைதான் எல்லாத் தீமைக்கும் வேர் என்பதே தன் ஒரே பிரசங்கம், பணத்தாசையால்தான் அதைப் பிரசங்கிக்கிறேன் என்று சக யாத்திரிகர்களிடம் விளக்கிவிட்டு, அதே பிரசங்கத்தைத் தொடங்குகிறார்.

கதை இது. மதுக்கடையில் மூன்று குடிகாரர்கள். வெளியே சவத்துக்கு முன்னால் மணி அடித்துப் போகும் ஓசை. செத்தது யார் என்று கேட்டால், மரணம் என்ற திருடன் வந்து கொன்றுவிட்டான், இந்தக் கொள்ளைநோயில் ஆயிரம் பேரைக் கொன்றவன் என்கிறான் பையன். அந்த மரணத்தைத் தேடிக் கொல்வோம் என்று மூவரும் கிளம்புகிறார்கள். வழியில் ஒரு கிழவர். சாக முடியாதவர். தாயே, என்னை உள்ளே விடு என்று கைத்தடியால் மண்ணைத் தட்டிக்கொண்டே அலைகிறவர். மரணத்தை அந்த ஓக் மரத்தடியில் விட்டு வந்தேன் என்கிறார். மரத்தடியில் இருப்பது தங்கக் காசுக் குவியல். இளையவன் ரொட்டியும் ஒயினும் வாங்க ஊருக்குப் போகிறான். இரண்டு பாட்டிலில் விஷம் கலக்கிறான். மற்ற இருவரும் அவனைக் குத்திக் கொன்றுவிட்டு ஒயினை எடுத்துக் குடிக்கிறார்கள்.

இந்தக் கதையின் மிகப் பழைய வடிவம் இந்தியாவில் இருக்கிறது. பாலி மொழி ஜாதகக் கதைகளில் 48ஆவதான வேதப்ப ஜாதகத்தில், புதையலுக்காகக் கொள்ளையர்கள் ஒருவரையொருவர் கொன்று தீர்த்து, கடைசி இருவரில் ஒருவன் வாளால் வெட்டுண்டும் மற்றவன் விஷச் சோறு தின்றும் சாகிறார்கள். வாய்மொழியாகவும் பல மொழி ஏடுகள் வழியாகவும் மேற்கே போன கதை. அந்தக் கிழவர் மட்டும் ஜாதகத்தில் இல்லை. பிளேக் கண்ட ஒரு நாட்டில் அவர் நிற்கும் நிலை, படித்தவர் மனதை விட்டு லேசில் போகாது.

கதை முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். எல்லா ரகசியத்தையும் சொன்ன பிறகும் அந்த ஆள் விடுதிக்காரரைக் கூப்பிட்டு, வா, முதலில் நீ வந்து திருப்பண்டத்தை முத்தமிடு, பையை அவிழ் என்கிறார். விடுதிக்காரர் கெட்ட வார்த்தையில் திட்ட, அவர் வாயடைத்துப்போக, நைட் குறுக்கே வந்து இருவரையும் சமாதானப்படுத்துகிறார். கதைகளுக்கு இடையே வரும் இந்தப் பேச்சுகளைப் பதிப்புகளில் சின்னத் தலைப்பில் போட்டிருப்பார்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள்.

ஏழாம் படி: சேவல், பிறகு சண்டைகள்

இரண்டாவதாகக் கன்னியாஸ்திரியோடு வரும் குருவானவரின் கதை. ஏழை விதவையின் கொல்லையில் ஷான்டிகிளியர் என்ற சேவல், பெர்ட்டலோட் என்ற அருமைப் பெட்டை. சேவலுக்குக் கெட்ட கனவு. பெட்டை அதை அஜீரணம் என்கிறது, பேதிக்கு மூலிகை சொல்கிறது. சேவல் பண்டைய நூல்களையெல்லாம் மேற்கோள் காட்டி வாதாடிவிட்டு, கனவை மறந்து கீழே இறங்குகிறது. நரி வந்து, உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு என்ன அருமையாகப் பாடுவார் என்கிறது. அப்புறம் நடப்பதைப் படித்தே தெரிந்துகொள்ளுங்கள். நரியைத் துரத்திக்கொண்டு ஊரே ஓடும் இடத்தில், ஃபிளாண்டர்ஸ்காரர்களைக் கொல்லும்போது ஜாக் ஸ்ட்ராவும் (1381 கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவன்) அவன் கூட்டமும்கூட இவ்வளவு கூச்சல் போட்டிருக்க மாட்டார்கள் என்று ஒரு வரி வருகிறது. 1381ஐ சாசர் வெளிப்படையாகத் தொட்ட இடம் இதுதான். அந்தக் கொலைகள் நடந்த இடங்களில் ஒன்று அவர் பிறந்து வளர்ந்த பகுதி. கோழிக்கதையின் நடுவே அந்த வரியை வாய்விட்டுப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் குரல் தடுமாறும்.

இப்போது முதல் துண்டத்துக்குத் திரும்புங்கள். நைட்டின் கதையில் பாலமன், ஆர்சைட் என்ற இரண்டு பிரபுக்கள் எமிலி என்ற ஒரே பெண்ணைக் காதலிக்கிறார்கள். பொக்காச்சியோவிடமிருந்து எடுத்த, மிடுக்கான கதை. அது முடிந்ததும் தகுதி வரிசைப்படி மடத்துத் துறவியைக் கூப்பிடுகிறார் விடுதிக்காரர். குடித்திருந்த மாவு ஆலைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. நைட்டுக்கு நான் பதில் சொல்வேன், இல்லாவிட்டால் என் வழியில் போகிறேன் என்கிறார். விடுகிறார்கள். இந்த ஒரு தருணத்தில் நூல் முழுவதின் போக்கும் மாறுகிறது. மேலோர் முதலில், கீழோர் பிறகு என்ற ஒழுங்கு போய், யாருக்குச் சொல்ல இருக்கிறதோ அவர் சொல்வது என்றாகிறது. ஆலைக்காரரும் ஒரு பெண்ணுக்காக மோதும் இருவரைத்தான் சொல்கிறார், ஆனால் இடம் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தச்சர் வீடு. மொழி பச்சையாக இருக்கும், சிரிப்பு அடக்க முடியாது. யாத்திரிகர்களில் பண்ணைக் காரியஸ்தர் இளமையில் தச்சு கற்றவர். தச்சரைக் கேலி செய்தாயா என்று கொதித்து, கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு திருட்டு ஆலைக்காரர் அவமானப்படும் கதையைச் சொல்கிறார். மூன்றையும் ஒரே வாரத்தில், இடைவெளி விடாமல் படியுங்கள்.

அதற்கு அடுத்த சண்டை திருமணத்தைப் பற்றியது. பாத் ஊரிலிருந்து வரும் அலிசன், நேர்த்தியாகத் துணி நெய்து சொந்தக் காலில் நிற்பவர். ஐந்து கணவர்களைக் கண்டவர். மூன்று முறை ஜெருசலேம் போய் வந்தவர். அவருடைய முன்னுரை கதையைவிட நீளம். ஐந்தாவது கணவன் ஜான்கின் அவரைவிட 20 வயது இளையவன், படித்தவன். கெட்ட மனைவிகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை ராத்திரிதோறும் உரக்கப் படிக்கிறான். ஒருநாள் அவர் அதன் தாள்களைக் கிழித்துவிட, அவன் அடித்த அடியில் ஒரு காது போகிறது. மனிதன் சிங்கத்தை வெல்வதாகப் படம் வரைந்தது யார், மனிதன்தானே என்ற பழங்கதையை நினைவூட்டி, சிங்கத்தை வரைந்தது யார் என்று கேட்கிறார் அலிசன். பெண்கள் எழுதியிருந்தால் ஆண்களின் கெடுதலைப் பற்றி எவ்வளவு எழுதியிருப்பார்கள் என்கிறார். எழுதியது ஓர் ஆண் என்பது தெரிந்தே இதைப் படிக்க வேண்டும். அப்போதும் அந்தக் கேள்வியின் வேகம் குறைவதில்லை. இதற்குப் பின் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் சொல்லும் கிரிசெல்டாவின் கதை, வியாபாரியின் கதை, நிலக்கிழாரின் கதை என்று தொடருங்கள். ஒவ்வொன்றும் அலிசனுக்கு ஒரு பதில்.

மெலிபியின் கதை, மடத்துத் துறவியின் கதை, பங்குச் சாமியாரின் உரைநடைப் பிரசங்கம் ஆகியவற்றை முதல் சுற்றில் தவிர்க்கலாம்.

எட்டாம் படி: கசப்பான இரண்டு விஷயங்கள்

மடத்துத் தலைவியின் கதையைத் தெரிந்தே திறக்க வேண்டும். பொறியில் சிக்கிய எலிக்காக அழுபவர், நாய்க்குட்டிகளுக்கு வறுத்த இறைச்சியும் பாலும் ஊட்டுபவர் என்று முகவுரையில் வரும் அதே பெண், யூதர்கள் ஒரு கிறிஸ்தவச் சிறுவனைக் கொன்றதாக, வெறுப்பு நிரம்பிய ஒரு கதையைச் சொல்கிறார். இங்கிலாந்து 1290லேயே யூதர்கள் அனைவரையும் வெளியேற்றிவிட்ட நாடு. சாசரின் வாசகர்களில் பெரும்பாலோர் யூதர் ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எலிக்காக அழுகிற அந்தத் தலைவியின் இரக்கம் எங்கே நின்றுபோகிறது என்று காட்டத்தான் சாசர் இதை எழுதினார் என்பாரும் உண்டு, காலத்தின் வெறுப்பு அவருக்கும் இருந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும் இப்படிப்பட்ட கதைகளால் மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். அதை மனதில் வைத்தே படியுங்கள்.

இன்னொன்று ஒரு ஆவணம். 1380இல் செசிலி சாம்பெய்ன் என்ற பெண், 'ராப்டஸ்' தொடர்பான எல்லா வழக்கிலிருந்தும் சாசரை விடுவிப்பதாக எழுதிக்கொடுத்தார். அந்த லத்தீன் சொல் கற்பழிப்பையும் குறிக்கும், ஆளைக் கடத்துவதையும் குறிக்கும். 1873இல் அந்தத் தாள் வெளிவந்ததிலிருந்து கவிஞர் மேல் இந்தக் கேள்வி இருந்தது. 2022இல் ஆய்வாளர்கள் மேலும் ஆவணங்களை வெளியிட்டார்கள். சாம்பெய்னின் முந்தைய எஜமானர், காலம் முடியுமுன் அவர் வேலையை விட்டு சாசரிடம் போனார் என்று தொழிலாளர் சட்டத்தின்கீழ் இருவர் மேலும் வழக்குப் போட்டிருக்கிறார். சாம்பெய்னும் சாசரும் அந்த வழக்கில் ஒரே பக்கம். பழைய புத்தகங்களில் இது தெரியாமல் எழுதியிருப்பார்கள். படிக்கும்போது வெளியான ஆண்டைப் பாருங்கள். இரண்டாம் படியில் சொன்ன 1351ஆம் ஆண்டுச் சட்டம் கவிஞரின் வீட்டுக் கதவையே தட்டியிருக்கிறது.

அடுத்து

சாசர் 1400இல் இறந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். கேன்டர்பரி கதைகளுக்குப் பிறகு அவருடைய டிராய்லஸும் கிரைசெய்டும் என்ற காவியத்துக்குப் போகச் சொல்வார்கள். அது முழுமையான, மிகத் தேர்ந்த படைப்பு. அதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஆனால் அந்தக் காலத்துச் சமூகம் உங்களைப் பிடித்துக்கொண்டிருந்தால், முதலில் வில்லியம் லாங்லண்டின் உழவன் பியர்ஸ் கவிதையைத் தொடுங்கள். சாசர் காலத்து லண்டனையே கீழிருந்து பார்க்கும் கவிதை. 1381 கிளர்ச்சிக்குக் குரல் கொடுத்த பாதிரியார் ஜான் பால் எழுதியதாகக் கிடைக்கும் கடிதம் ஒன்றில் இந்த உழவனின் பெயர் வருகிறது. நடை வேறு: இயைபு இல்லை, வரிக்குள் மோனை. மால்வர்ன் குன்றுகளில் தூங்கிப்போனவர் கனவில் மக்கள் நிறைந்த ஒரு வயலைக் காண்பதோடு தொடங்கும். அதன் முகவுரையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு பாவமன்னிப்புச் சீட்டுக்காரர், ஆயர்களின் முத்திரை தொங்கும் தாளோடு வருகிறார். சாசரின் ஆளுக்காக நீங்கள் எழுதிவைத்த குறிப்புப் பக்கத்தைத் திறந்து, அதே நான்கு விஷயங்களை இவருக்கும் குறியுங்கள்.